குழாய் அடைப்பா, மோட்டார் கோளாறா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஏதோ ஆஸ்பத்திரி மெஷின் வேலை பார்க்கிறியாமே, அதைப் பத்தி 20 நிமிஷம் பேசேன்" என்றார். "அண்ணே, அது ஒண்ணுக்குப் போறதை அளக்கிற மெஷின்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அதுவும் நம்ம சப்ஜெக்ட்தானே" என்றார். பெரிய மனசு.

உண்மையிலேயே அது நம்ம சப்ஜெக்ட்தான். நான் 2008ல் இங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்து வெளியே போனவன். சிறுநீர் எவ்வளவு வேகமாக வருகிறது, மூத்திரப்பைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கருவிகளை ஆஸ்பத்திரிகளில் பொருத்துவதும், அளவு சரிபார்ப்பதும், கெட்டுப்போனால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தை எப்படி அளப்பது, அளந்ததை எந்த அளவுக்கு நம்புவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஹாலில் 50 வயதைத் தாண்டிய அண்ணன்மார்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தம்பிகளுக்கு வீட்டில் அப்பா இருப்பார், தாத்தா இருப்பார். அவர்களில் பலருக்குத் தொல்லை இருக்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளிப்படையாகத் தெரிவது என்ன? பஸ் ஏறுவதற்கு முன்னால் இரண்டு தடவை போய்விட்டு வருவார். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் பந்தி எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் பாத்ரூம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வார். ராத்திரி மூன்று தடவை லைட் எரியும். கேட்டால், "வயசாயிடுச்சுல்ல" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தத் தொல்லைகளை டாக்டர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். தேக்கி வைப்பதில் வரும் சிக்கல் ஒன்று: அடிக்கடி போவது, வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது, தூக்கத்தில் எழுந்து போவது. வெளியேற்றுவதில் வரும் சிக்கல் இன்னொன்று: ஆரம்பிக்கவே நேரமாவது, தாரை மெலிந்து வருவது, விட்டு விட்டு வருவது, முக்க வேண்டியிருப்பது. போய் முடித்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது, வேட்டியில் சொட்டுவது எல்லாம் மூன்றாவது.

முன்பெல்லாம் ஆணுக்கு இதில் எது வந்தாலும் பழி ப்ராஸ்டேட் சுரப்பி மேல்தான். 1994ல் பிரிட்டனைச் சேர்ந்த பால் ஏப்ரம்ஸ் என்ற டாக்டர், இப்படி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, 'கீழ்ச் சிறுநீர்ப் பாதைத் தொல்லைகள்' என்று பொதுவாகச் சொல்லுவோம் என்று எழுதினார். வெறும் பெயர் மாற்றம்தானே என்று தோன்றும். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1993ல், அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்திருந்தது. ஆண்களின் ப்ராஸ்டேட் தொல்லையை எடைபோடத் தயாரித்த கேள்வித்தாளை 55 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களிடமும் பெண்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வந்தது. பெண்களுக்குத்தான் ப்ராஸ்டேட்டே கிடையாதே! அப்படியானால் அந்தக் கேள்வித்தாள் தொல்லையின் அளவைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. நம் பாஷையில், மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் அது எதை அளக்கிறது என்பதை நாம்தான் தப்பாக எழுதி ஒட்டிவிட்டோம்.

அதற்காக அந்தக் கேள்வித்தாளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 1992ல் அமெரிக்க யூராலஜி சங்கத்துக்காக உருவானது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கடந்த ஒரு மாதத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 35. 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு: இப்போது இருக்கிற மாதிரியே ஆயுசு பூராவும் இருக்கும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என்னைக் கேட்டால் அந்த எட்டாவதுதான் முக்கியம். 18 மதிப்பெண் எடுத்தவர் "பரவாயில்லைப்பா, பழகிடுச்சு" என்பார். 9 எடுத்தவர் வேலைக்கே போக முடியவில்லை என்பார். வைத்தியம் தேவையா என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஒரு சங்கடம். "ஐந்து தடவைக்கு ஒரு தடவையைவிடக் குறைவாகவா, பாதி தடவையா, பாதிக்கு மேலா" என்றெல்லாம் கேட்டால் நம்ம பெரியவர்கள் திணறிப்போவார்கள். பின்னக் கணக்கு மாதிரி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தானாகவே பதில் சொல்வதற்காகத் தென்னாப்பிரிக்க டாக்டர்கள் 2011ல் ஒரு வழியை வெளியிட்டார்கள். தாரை எப்படி விழுகிறது என்பதையே படமாகப் போட்டு, உங்களுடையது எது என்று தொட்டுக் காட்டச் சொன்னார்கள். நல்ல யோசனை. நம் வீட்டில் படம்கூட வேண்டாம். "சினிமா தியேட்டர்ல ஓரத்து சீட்டாப் பார்த்து உட்கார்றீங்களே, ஏம்ப்பா?" என்று கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

அடுத்தது டைரி. நான் சொல்லப்போவதிலேயே மலிவானதும், அதிகம் பேர் செய்யாததும் இதுதான். அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் மக், ஒரு தாள், ஒரு பேனா. குறைந்தது மூன்று நாள், இரவும் பகலும், எத்தனை மணிக்கு எவ்வளவு மி.லி. போனது, என்ன குடித்தோம், எவ்வளவு குடித்தோம், எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். மூன்று நாள் டேட்டா கையில் இருந்தால் டாக்டர் உங்களோடு பேசுகிற விதமே மாறிவிடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு பெரியவர், 68 வயது, ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். டைரியில் 24 மணி நேரத்துக்கு மொத்தம் 1800 மி.லி. அதில் படுத்த பிறகு போனது 800. காலையில் எழுந்ததும் போகிற முதல் தடவையையும் ராத்திரிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது ராத்திரியில் ஊறியது. இதைப் பலர் பகல் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். 800ஐ 1800ஆல் வகுத்தால் 44 சதவிகிதம். 65 வயதைத் தாண்டியவருக்கு ராத்திரிப் பங்கு 33 சதவிகிதத்தைத் தாண்டினால், ராத்திரியில் சிறுநீரே அதிகமாக உற்பத்தியாகிறது என்று அர்த்தம். இவருக்கு ராத்திரித் தொல்லைக்குக் காரணம் வடிகாலில் மட்டும் இல்லை, தண்ணீர் வரத்திலும் இருக்கிறது. காலில் நீர் கோத்திருக்கலாம், படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி வெளியே வரும். இதயக் கோளாறு இருக்கலாம். குறட்டையும் மூச்சுத் திணறலுமாகத் தூங்குகிறவராக இருக்கலாம். பிரஷருக்கான நீர் மாத்திரையைச் சாயந்திரம் போடுகிறவராக இருக்கலாம். இவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் செய்துவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கச் சொன்னால் எப்படித் தூங்குவார்? மொத்த அளவே 3 லிட்டரைத் தாண்டுகிறது என்றால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சில சமயம் யாரோ சொன்னதைக் கேட்டு அவர் தினம் 4 லிட்டர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், வேறொன்றும் இருக்காது.

இனி என் மெஷினுக்கு வருகிறேன். சிறுநீரின் வேகத்தை அளக்கும் கருவியை 1948ல் டிரேக் என்ற அமெரிக்க டாக்டர் செய்தார். பாத்திரத்தின் எடை ஏற ஏற, சுழலும் காகித உருளையில் ஒரு கோடு வரையும். இன்றைக்கும் பல கருவிகளில் அடிப்படை அதேதான். புனல், அதன் கீழே குவளை, குவளைக்குக் கீழே லோடு செல். எடை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதைக் கணக்கிட்டால் விநாடிக்கு எத்தனை மி.லி. என்று வந்துவிடும்.

டெரிவேட்டிவ் எடுத்தால் நாய்ஸ் பெரிதாகும் என்று மூன்றாவது செமஸ்டரில் சொல்லித் தந்தார்களே, அது இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். புனலில் தாரை இங்கும் அங்கும் அலைந்தால் ஒரு முள் எழும்பும். காலால் ஸ்டாண்டைத் தட்டினாலும் முள். அந்த முள்ளைப் பார்த்து மெஷின் "உச்ச வேகம் 22" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடும், நிஜமான வேகம் 9ஆக இருக்கும். அதனால்தான் சர்வதேச சங்கம் 2002ல் வெளியிட்ட வழிமுறையில், 2 விநாடிக்குச் சராசரி எடுத்துச் சமன்படுத்திய பிறகே உச்ச வேகத்தைப் படிக்க வேண்டும், அதையும் முழு எண்ணாகவே எழுத வேண்டும் என்று சொன்னார்கள். 9.37 என்று எழுதும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கர்வைப் பாருங்கள், மூலையில் அச்சடித்த நம்பரை மட்டும் பார்க்காதீர்கள் என்று இளம் டாக்டர்களிடம் நான் சொல்வதுண்டு. சிலர் கேட்கிறார்கள்.

பொதுவாக உச்ச வேகம் விநாடிக்கு 15 மி.லி.க்கு மேல் இருந்தால் நல்லது. 10க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் குறைந்தது 150 மி.லி. போயிருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அந்த அளவை நம்ப முடியாது. ஒரு ஆஸ்பத்திரியில் இந்த மெஷினை வராந்தா ஓரம் ஒரு துணித் தடுப்புக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். வெளியே பத்துப் பேர் வரிசை. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, வயிறு வெடிக்கிற நிலையில் உட்காரவைத்து, "சீக்கிரம் போங்க சார், அடுத்தவர் நிக்கிறாரு" என்றால் யாருக்குத்தான் தாரை ஒழுங்காக வரும்? அளவுக்கு மீறி நிரம்பிய பையும் சரியாகச் சுருங்காது. நான் லோடு செல்லைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்துவிட்டு, அது சரியாகத்தான் இருந்தது, கதவு போட்ட ஒரு அறை வேண்டும் என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கதவு வந்திருந்தது.

போய் முடித்ததும் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52ஆல் பெருக்குவார்கள். நீள்வட்ட உருண்டையின் கொள்ளளவு, பை வகுத்தல் ஆறு. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

இப்போது தலைப்புக்கு வருவோம். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது. குழாய் அடைத்திருக்கிறதா, மோட்டார் தேய்ந்துவிட்டதா? குழாயின் நுனியில் வேகத்தை மட்டும் அளந்தால் சொல்ல முடியுமா? முடியாது, மோட்டார் பக்கம் ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். இங்கேயும் அதே கதைதான். மூத்திரப்பைதான் மோட்டார். ப்ராஸ்டேட்டுக்குள் புகுந்து போகும் பாதைதான் குழாய். அதனால் மூத்திரப்பைக்குள் மெல்லிய ஒரு குழாய், வயிற்றின் அழுத்தத்தை அறிய ஆசனவாய்க்குள் இன்னொரு குழாய். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூத்திரப்பைத் தசையின் சொந்த அழுத்தம் கிடைக்கும். முக்குவதால் வரும் அழுத்தம் கழிந்துவிடும். நம் டிஃபரென்ஷியல் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்தான், இடம் மட்டும் வேறே.

இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் உச்ச வேகம் 8. முதல் ஆளுக்கு அந்த நேரத்தில் தசை அழுத்தம் 70 செ.மீ. நீர்மட்டம். அழுத்தத்திலிருந்து வேகத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும்: 70 கழித்தல் 16, அதாவது 54. 40ஐத் தாண்டினால் அடைப்பு. இரண்டாமவருக்கு அழுத்தம் வெறும் 25. 25 கழித்தல் 16, அதாவது 9. 20க்குக் கீழே இருப்பதால் அடைப்பு இல்லை. இவருக்கு மோட்டாரின் பலத்தைப் பார்க்கலாம்: அழுத்தத்தோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் 65. 100க்குக் கீழே என்றால் தசை பலவீனம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி, "தாரை மெலிஞ்சு போச்சு டாக்டர்" என்பார்கள். முதலாமவருக்கு அடைப்பை எடுத்தால் நன்றாகப் பலன் கிடைக்கும். இரண்டாமவருக்குச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தாலும் அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. வருஷக்கணக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பாதித்து இப்படி மோட்டார் சோர்ந்துபோவது உண்டு. இன்னொன்று, ஸ்கேனில் ப்ராஸ்டேட் பெரிதாகத் தெரிந்தால் அடைப்பும் பெரிது என்று நினைக்காதீர்கள். பெரிய சுரப்பி சும்மா இருக்கும், சின்னது கழுத்தை நெரிக்கும்.

இது என் பிழைப்பு என்பதால் எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று சொன்னால் அது வியாபாரப் பேச்சு. இங்கிலாந்தில் 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களைச் சேர்த்து நடந்த 'அப்ஸ்ட்ரீம்' என்ற ஆய்வின் முடிவு 2020ல் வந்தது. ஆபரேஷன் யோசனையில் இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு இந்த அழுத்தச் சோதனை செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்குச் செய்யவில்லை. 18 மாதம் கழித்துத் தொல்லை மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆபரேஷன் எண்ணிக்கையும் குறையவில்லை. ஆகவே குழப்பமான கேஸுக்கு மட்டும் போதும். கேள்வித்தாள், டைரி, சிறுநீர்ப் பரிசோதனை, வேக அளவு, மிச்ச அளவு, இவற்றிலேயே நிறையப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

டாக்டர் விரல் விட்டுப் பார்ப்பார், அதற்குக் கூச்சப்படுவார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். தொற்று இருக்கும்போது எடுத்தால் ஏறித்தான் காட்டும், வீட்டில் எல்லோரும் கேன்சர் என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிப் போடும் சில மாத்திரைகளாலேயே ஒரேயடியாக அடைத்துக்கொண்டு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு.

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிடையர்டு வாத்தியார், வெள்ளை வேட்டி கசங்காத மனுஷன். 70 வயதுக்கு மேல் திடீரென்று தூக்கத்தில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தார். பெரியம்மா ரப்பர் ஷீட் விரித்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை. பெரியப்பா விடியற்காலையில் எழுந்து தன் போர்வையைத் தானே துவைத்துப் போடுவார். ஆறு மாதம் போனது. பசியில்லை, கால் வீக்கம் என்று வேறு எதற்கோ ரத்தம் பார்த்தபோது கிரியாட்டினின் எகிறியிருந்தது. அடக்க முடியாமல் போகிறார் என்று வீட்டில் நினைத்தது நேர்மாறு. பை காலியாகவே ஆகாமல், நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரகம் வரை பின்னோக்கித் தள்ளியிருந்தது. கதீட்டர் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. சிறுநீரகம் ஓரளவு மீண்டது, முழுசாக இல்லை. வலி என்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை, ஏனென்றால் வலிக்கவில்லை. வயதான ஆணுக்குப் புதிதாகப் படுக்கை நனைகிறது என்றால் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோடு எரிச்சல், கால் மரத்துப்போவதோடு சேர்ந்து வரும் அடைப்பு, ஒரேயடியாக நின்றுபோவது என்றால் அன்றைக்கே, அந்த நேரமே.

தம்பிகள், இது கிழவர்கள் சமாச்சாரம் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். 25 வயதில் தாரை மெலிந்து, கர்வ் மேடை மாதிரித் தட்டையாக வந்தால், அது சிறுநீர்க் குழாயில் சுருக்கமாக இருக்கலாம். பைக்கில் விழுந்து அடிபட்டதோ, முன்பு கதீட்டர் போட்டதோ, பழைய தொற்றோ காரணமாகலாம். ப்ராஸ்டேட் மாத்திரையைத் தின்றுகொண்டு அதைத் தள்ளிப்போட முடியாது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா கேட்ட இரண்டு பேருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு லோடு செல், 24 பிட் கன்வெர்ட்டர், சின்ன ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும், வீட்டிலேயே வைத்து அளக்கும் கருவி செய்யலாம். சொந்த பாத்ரூமில், அவசரமில்லாமல், பல தடவை எடுத்த அளவு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை எடுத்ததைவிட நம்பகமானது. கஷ்டம் எலக்ட்ரானிக்ஸில் இல்லை. முள்ளை எப்படி வடிகட்டுவது, வடிகட்டும்போது நிஜ உச்சத்தைத் தேய்க்காமல் எப்படி விடுவது, அங்கேதான் இருக்கிறது. தெரிந்த அளவு தண்ணீரைத் தெரிந்த வேகத்தில் ஊற்றி முதலில் சரிபாருங்கள். யாராவது ஒரு யூராலஜி டாக்டரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதினால் பழைய லோடு செல் நாலைந்து தருகிறேன்.

ஏழு கேள்வியும் எட்டாவதும் ஒரு பக்கம், மூன்று நாள் டைரிக்குக் கட்டம் மறுபக்கம் என்று தமிழில் அச்சடித்த தாள்கள் பதிவு மேஜையில் வைத்திருக்கிறேன். கூச்சமாக இருந்தால் "அப்பாவுக்கு" என்று சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. மக் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். சமையலறை மக்கை எடுத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டால் அதற்குச் சங்கம் பொறுப்பல்ல.